கருக்கம்பாறைக்கு வந்த குதிரை

கமலக்கண்ணனுக்கு இரண்டு வேலை. ஏற்காட்டுக்கு வரும் சுற்றுலாக்காரர்களை ஜீப்பில் ஏற்றிச் சுற்றிக்காட்டுவது ஒன்று. சவாரி இல்லாத நேரத்தில், ஏரிக்கரை ஸ்டாண்டில் உட்கார்ந்து இணையக் கலைக்களஞ்சியத்துக்குக் கைபேசியில் கட்டுரை எழுதுவது இன்னொன்று. முதல் வேலையில் வாய்க்குப் பூட்டே கிடையாது. இரண்டாவதில் சான்று இல்லாமல் ஒரு வரி எழுதமாட்டான். அடுத்தவர் கட்டுரையில் ‘கூறப்படுகிறது’ என்று கண்டால், கூறியது யார் என்று கேட்டே உயிரை வாங்கிவிடுவான்.

அப்பேர்ப்பட்டவன் தன் சொந்த ஊருக்கு எழுதிய பக்கமே இப்போது நீக்கப்படும் நிலையில் இருந்தது. கருக்கம்பாறை, கொட்டச்சேடு கிராமத்துக்கு மேலே காப்பி எஸ்டேட்டை ஒட்டிய நாலைந்து வரிசை வீடுகள். சமவெளியிலிருந்து பிழைக்க வந்தவர்களின் ஊர். அங்கே பிறந்தவர்கள் உண்டு, செத்தவர்கள் உண்டு. அதைப் பற்றி எழுதியவர்தான் யாருமில்லை. சேலம் நூலகத்தில் தேடி அலைந்ததில் ஓர் அரசு நூலில் ஊர்ப்பெயர் மட்டும் கிடைத்தது. ‘ஒரு பெயரை வைத்துக்கொண்டு தனிப்பக்கம் நிற்காது, வேறு சான்று தாருங்கள்’ என்று சக எழுத்தாளர் தேவகுமாரி அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் கேட்டிருந்தார். அவர் இடத்தில் இருந்திருந்தால் கமலக்கண்ணனும் அதையேதான் கேட்டிருப்பான். ஆனாலும் வலித்தது.

கடைசியில் தேவகுமாரியே ஒரு நல்ல சேதி அனுப்பினார். ஒரு நாளிதழின் வார இணைப்பில் கருக்கம்பாறையைப் பற்றி அரைப் பக்கம் வந்திருக்கிறது, இது போதும் என்று. கமலக்கண்ணன் தலைகால் புரியாமல் வீட்டுக்கு ஓடி மனைவி பானுவிடம் வாசித்துக் காட்டினான். வெள்ளைக்காரத் துரை இறந்த பிறகும் அவருடைய குதிரை தினமும் கருக்கம்பாறைச் சுனைக்கு வந்து தண்ணீர் குடித்ததாம். ஊரே அதற்குப் பொங்கல் வைத்துப் படைத்ததாம்.

பானு சிரித்துவிட்டாள். “ஏனுங்க, இது நீங்க உட்ட கதைதானுங்க?”

அவனுக்குச் சுரீர் என்றது. ஒருநாள் மூடுபனியில் வண்டியை ஓரங்கட்டியபோது, சவாரிக்காரர்கள் முணுமுணுக்காமல் இருக்க அவன் அளந்து, வீட்டுக்கு வந்து பானுவிடம் சொல்லிச் சிரித்துவிட்டு மறந்துபோன கதை அது. முன்சீட்டில் உட்கார்ந்து ஏதோ குறித்துக்கொண்டே வந்த கண்ணாடிக்காரர் இப்போது நினைவுக்கு வந்தார்.

“பேப்பர்லயே வந்துருச்சுங்க. இனி யாருக்குத் தெரியப் போவுது? நம்மூரு பேரு நொம்ப நாளைக்கு இருக்கட்டுமுங்க” என்றாள் பானு.

“எனக்குத் தெரியுமே, பானு.”

சொல்லிவிட்டானே தவிர, மனசு கேட்கவில்லை. மறுநாள் ஸ்டாண்டில் கைபேசியில் அந்த உரையாடல் பக்கத்தைத் திறந்தான். தேவகுமாரிக்கு எழுதினான்: ‘இதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். ஜீப் ஓட்டுநர் ஒருவர் சொன்னதாகக் கட்டுரையிலேயே இருக்கிறது. அந்த ஓட்டுநர் நான்தான். குதிரை என் கற்பனை.’

பக்கம் நீக்கப்பட்டது. கொட்டச்சேடு பக்கத்தின் அடியில், ‘அருகில் கருக்கம்பாறை என்னும் சிற்றூர் உள்ளது’ என்று ஒரே ஒரு வரியை, அந்த அரசு நூலைச் சான்று காட்டி அவனே சேர்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் ஏறிய ஒரு பெண், வார இணைப்பை விரித்துக் காட்டினாள். “அண்ணா, அந்தக் குதிரை வந்த ஊருக்குப் போகலாமா?”

கமலக்கண்ணன் வண்டியைக் கிளப்பினான்.

“போலாமுங்க. ஊரு இருக்குதுங்க. குதிரைதான் இல்லீங்க.”