சின்னப்பாவின் இடது இமை

கண்கட்டி யாருக்கு வேண்டுமானாலும் வரலாம். சின்னப்பாவுக்கு அது வந்த நாள்தான் சரியில்லை.

பெங்களூரில் அல்சூர் ஏரியை ஒட்டிய எங்கள் அடுக்குமாடியில் அவர்தான் பகல் நேர செக்யூரிட்டி. முந்தின நாள் சாயங்காலம், நாலாவது மாடி நிருபமா தன் குளியலறை ஜன்னலுக்கு வெளியே ஏதோ தலை அசைந்ததாக வாட்ஸ்ஆப் குழுவில் எழுதியிருந்தாள். மறுநாள் காலையில் சின்னப்பா இடது இமை வீங்கி வேலைக்கு வந்தார். நாவல்பழம் அளவு என்றால் குறைத்துச் சொல்கிறேன். இமை முதலில் கேட்டுக்குள் வந்தது, ஆள் பின்னால் வந்தார்.

குளிக்கிறவர்களை எட்டிப் பார்த்தால் கண்கட்டி வரும் என்பது நம் வீடுகளில் சாட்சி கேட்காத சட்டம். இரண்டாவது மாடி அம்புஜம் மாமி அதைப் பால் வாங்க வந்த இடத்திலேயே அமல்படுத்திவிட்டாள்.

"ஏண்டாப்பா, கண்ணுல என்ன?"

"தெரியல மேடம். காத்தால எழுந்தா இப்படி கீது."

"தெரியலையா? எங்காத்துப் பெரியவா சும்மாவா சொல்லி வெச்சா?"

"சத்தியமா மேடம், நான் மேல ஏறவே இல்ல. மாதா மேல ஆணை!"

கேட்டில் கேமரா இருக்கிறது. ஆனால் அதற்குப் பார்வை போய்ப் பல மாதம் ஆயிற்று. அதற்கென்று யாரும் டாக்டரைத் தேடவில்லை. சங்கத் தலைவர் கோதண்டராமன் நல்ல மனிதர், அதாவது எந்தப் பக்கமும் சாயாமல் எல்லோரையும் கஷ்டப்படுத்துகிறவர். "ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல பேசி முடிவு பண்ணிக்கலாம். அதுவரைக்கும் நீ பேஸ்மெண்ட்லயே இரு. கேட் பக்கம் வராதே" என்றார்.

பேசி முடிவு பண்ணுவதென்றால் என்னவென்று சின்னப்பாவுக்குத் தெரியும். ஏஜென்சிக்கு ஒரு போன் போகும். 'எட்டிப் பார்த்தவன்' என்ற பெயரோடு திருப்பி அனுப்பப்பட்ட காவலாளியை இந்த ஊரில் வேறெந்தக் கட்டடம் எடுத்துக்கொள்ளும்?

பேஸ்மெண்டில் ஜெனரேட்டரின் டீசல் வாசனையும் மோட்டார் இரைச்சலும்தான் துணை. போனில் சிக்னல் கிடையாது. லிஃப்ட் இறங்கி வந்து கதவு திறக்கும். உள்ளே இருப்பவர்கள் அவரைப் பார்ப்பார்கள், மறுபடி பொத்தானை அழுத்துவார்கள். கதவு மூடிக்கொள்ளும். நான் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவள்தான். இதில் கூட்டவில்லை. ஒருநாள் அந்த லிஃப்டில் நானும் இருந்தேன்.

ஜீவனஹள்ளியில் அவர் வீட்டிலும் தப்பிக்க வழியில்லை. தெருவே வைத்தியம் பார்த்தது. ஒருத்தி கிராம்பைச் சுட்டு வைக்கச் சொன்னாள். ஒருத்தர் உள்ளங்கையில் விரலைச் சூடு பறக்கத் தேய்த்து ஒற்றச் சொன்னார். பக்கத்து வீட்டு அம்மாள் நாமக்கட்டியை உரைத்துக்கொண்டே வந்து இமையில் அப்பிவிட்டாள். அது காய்ந்து இறுகி, மனுஷர் விடியற்காலைப் பூசைக்கு வெள்ளை நாமத்தோடு போய் நின்றார். கோவிலில் மாதா சிலையே ஒரு நிமிஷம் குனிந்து பார்த்ததாகக் கேள்வி. வீக்கம் மட்டும் குறையவில்லை. அதைப் பிதுக்கிவிடலாம் என்று அவர் கண்ணாடி முன் நின்றபோது மனைவி ஆஞ்சலா கையைத் தட்டிவிட்டாள்.

"யோவ், கண்ணையே தோண்டிக்கப் போறியா? டாக்டராண்ட போ."

"போனா அந்த டாக்டரும் கேப்பாரு, யாரப் பாத்தன்னு."

"கேட்டா என்ன வந்து இட்டுனு போ. அவரு கண்ணுல நான் கட்டி வர வெக்கிறேன்."

பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கவே அரை நாள் போகும். ஆஞ்சலா வேலை செய்யும் வீட்டில் விசாரித்து, காக்ஸ் டவுன் பக்கம் பேக்கரிக்கு மேல் மாடியில் ஒரு கண் டாக்டர் இருப்பதைக் கண்டுபிடித்தாள். சனிக்கிழமை சாயங்காலம் சின்னப்பா கைக்குட்டையால் கண்ணை மூடிக்கொண்டு படியேறினார்.

"கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லி, வரவேற்பிலிருந்த பெண் காலியாயிருந்த ஒரே நாற்காலியைக் காட்டினாள். பக்கத்து நாற்காலியில், தலை வரை முந்தானை இழுத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டபடி ஓர் உருவம். சின்னப்பா உட்கார்ந்தார். உருவம் முந்தானையை இன்னும் கீழே இழுத்துக்கொண்டது.

"சின்னப்பா," என்றது உருவம், "நீ என்னைப் பார்க்கலை."

அம்புஜம் மாமி! தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று அத்தனை தூரம் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள். கண்ணாடி ஓரத்தில் தெரிந்த வலது இமை சின்னப்பாவின் இமைக்கு அக்காபோல் இருந்தது.

"சரி மேடம்" என்றார் சின்னப்பா. வேறென்ன சொல்ல முடியும்? மாமிக்கும் கண்கட்டி என்று வெளியே சொன்னால், 'நீ எப்படிப் பார்த்தாய்?' என்றுதான் முதல் கேள்வி வரும். பேஸ்மெண்டுக்குள்ளே இன்னொரு பேஸ்மெண்ட் அது.

டாக்டர் அனுஷா இருவரின் இமைகளையும் விளக்கு வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றே. "இமை ஓரத்துல சின்னச் சின்ன எண்ணெய்ச் சுரப்பி இருக்கு. அது அடைச்சுக் கிருமி பிடிச்சா இப்படி வீங்கும். சுத்தமான துணிய வெதுவெதுப்பான தண்ணில நனைச்சு, மூடின கண்ணு மேல பத்து நிமிஷம் வைங்க. தினமும் நாலு தடவை. கிள்ளாதீங்க, எதையும் பூசாதீங்க. கையால கண்ணத் தேய்க்காதீங்க. வலி போயும் கட்டி கெட்டியா நின்னுட்டா வாங்க, சின்னதாக் கீறி எடுத்துடலாம். வீக்கம் கண்ணைச் சுத்திப் பரவினாலோ, பார்வை மங்கினாலோ அன்னிக்கே வரணும்."

சின்னப்பா மெல்லக் கேட்டார்: "எட்டிப் பாத்தா வருமா டாக்டர்?"

டாக்டர் சிரித்தார். "அப்படி வந்தா பெங்களூர்ல ஒரு கண்ணும் மிஞ்சாது."

மாமி சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங். சின்னப்பாவைக் கதவோரம் நிற்க வைத்தார்கள். கோதண்டராமன் தொண்டையைச் செருமினார்.

"ஏஜென்சிக்குச் சொல்லிடலாமா?"

சின்னப்பா மாமியின் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஒன்றும் பார்க்கவில்லை என்று வாக்குக் கொடுத்தவர் அல்லவா.

மாமி எழுந்தாள். "கண்கட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையாம். எங்கேயோ படிச்சேன்."

"அன்னிக்கு நீங்கதானே மாமி சொன்னீங்க?" என்றாள் நிருபமா. "அது சரி, உள்ள உக்காந்துட்டு எதுக்குக் கூலிங் கிளாஸ்?"

மாமி கதவைப் பார்த்தாள். கதவோரம் சின்னப்பா நின்றார். வேறு வழியில்லாமல் கண்ணாடியைக் கழற்றினாள்.

கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது: "மாமி, நீங்க யாரை எட்டிப் பாத்தீங்க?"

"உங்காத்து பால்கனியைத்தான்! காய்ஞ்ச துண்டை மாசக்கணக்கா எடுக்கலையே. அதைப் பார்த்தா யாருக்குத்தான் கண் வீங்காது?"

கூரை இரண்டடி உயர்ந்து இறங்கும்படி சிரித்தார்கள். சின்னப்பா மறுநாளே கேட்டுக்குத் திரும்பினார். நிருபமாவின் ஜன்னலில் தலையாட்டியது, அங்கே கூடு கட்டியிருந்த புறா என்பது பிறகு தெரிந்தது. புறாவுக்குக் கண்கட்டி வரவில்லை, அதனால் அது தப்பித்தது.

ஒத்தடத்தில் இமையும் வடிந்துவிட்டது. ஆனால் லிஃப்ட் கதவு திறந்தால் சின்னப்பாவின் தலை தானாகக் குனிந்துகொள்கிறது. "முகத்தைத் தூக்குடா அப்பா, கழுத்தா சுளுக்கிண்டது?" என்று மாமி தினமும் அதட்டுகிறாள்.

"இருக்கட்டும் மேடம்" என்கிறார், அவள் கால்களைப் பார்த்து.

இப்போது எங்கள் எல்லோரையும் அவர் செருப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்கிறார்.