ஏரல் வெயிலில் போட்ட கணக்கு

ஸ்கூட்டரை விட்டு இறங்கமாட்டாள். ஒரு காலை ஊன்றிக்கொண்டு, ஐஸ் கம்பெனிச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். சுவர் அதிர்ந்தால் உள்ளே மிஷின் ஓடுகிறது. உடனே சின்ன நோட்டை எடுத்துப் பென்சிலால் குறிப்பாள். மீன்பிடித் துறைமுகப் பக்கம் ஐந்து கம்பெனி இருக்கிறது. ஐந்து சுவரையும் தொடாமல் அனுசியா வீட்டுக்கு வருவதில்லை.

கரண்டு ஆபீசில் இன்ஜினியர். திரேஸ்புரத்தில் என் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். சொந்த ஊர் ஏரல், கடல் இல்லாத ஊர். அப்பாவுக்குப் பாத்திரக் கடை. என் மீன் கூடை வாசத்துக்கு ஒரு மாதம் தாங்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமையே சாளை மீன் குழம்புக்குக் கிண்ணத்தோடு இறங்கி வந்துவிட்டாள்.

கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். பூ வைக்கிற இடத்தில் பேனா. ஆனால் எழுதுவதெல்லாம் பென்சிலில். ஏன் என்று கேட்டேன். "மாறுற கணக்குக்குப் பென்சில் போதும் ஆச்சி. மையில எழுதுனா அதுக்கு நாந்தான் பொறுப்பு."

அடுத்த வருஷம் இந்தப் பக்கத்துக்கு எவ்வளவு கரண்டு வேண்டும் என்று இப்போதே சொல்வது அவள் வேலை. சொன்னது சரியா என்று பார்க்க அரசாங்கம் ஓர் ஆணையம் வைத்திருக்கிறது. அவர்கள் ஒத்துக்கொண்ட அளவுக்குத்தான் புது டிரான்ஸ்பார்மர் வருமாம். எழுத்து தெரியாத எனக்கே இது விளங்கிற்று. குறைத்துச் சொன்னால் ஐஸ் உறையாது, ஐஸ் இல்லாவிட்டால் என் கூடையில் மீன் நாறும்.

குறைத்துத்தான் சொல்லியிருந்தாள். வெயில் உச்சத்தில்தானே கரண்டு அதிகம் ஓடும் என்று மே மாத அளவை எடுத்துவிட்டாள். ஏரலில் அது சரி. இங்கே மே மாதம் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், ஐஸ் கம்பெனிகள் தூங்கும். ஜூன் நடுவில் படகெல்லாம் ஒன்றாகக் கடலுக்குக் கிளம்ப, ஐந்து மிஷினும் சேர்ந்து ஓடி, இருக்கிற டிரான்ஸ்பார்மர் படுத்துவிட்டது; அப்போதுதான் அவள் பிழை தெரிந்தது. அவள் மே மாதத்தை அளந்த கதையைக் கேட்டு, ஐஸ் கம்பெனி வாட்ச்மேன் மரியான் பாதி உறைந்த கட்டியைத் தூக்கிக் காட்டினான். "ஏரல் வெயிலக் கொண்டாந்து எங்க தலையில கட்டிட்டியளே மேடம்!" தெருவே சிரித்தது. மறுநாளிலிருந்துதான் இந்தச் சுவர் தொடுகிற பழக்கம்.

ஆனால் அவள் கணக்கு அதற்குள் ஆணையத்துக்குப் போய்விட்டது. மேலதிகாரி கிங்ஸ்டன் கெட்டவர் இல்லை. "போனது போகட்டும்மா. பிழைன்னு நீயே சொன்னா மெமோ வரும், புரமோஷன் நின்னுரும்" என்றாராம். இரண்டு நாள் அவள் குழம்புக்கு இறங்கவில்லை. நானே குழம்பு ஊற்றி, கிண்ணத்தை மாடிப்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

மதுரையில் ஆணையத்துக் கூட்டம்; யாரும் போய்ப் பேசலாம். மரியானும் நானும் மூன்று மீன்காரிகளும் பஸ் ஏறினோம். அங்கே அனுசியாவும் கிங்ஸ்டனும் ஆபீஸ்காரர்களோடு உட்கார்ந்திருந்தார்கள். மரியான் எழுந்து, "ஐயா, மே மாசம் எங்க படகு கரையில கெடக்கு. அதப் பாத்துத்தானா ஜூனுக்கு அளந்திய?" என்றான். மேடையிலிருந்த ஆணையத்துக்காரர் கணக்குத் தாளைப் புரட்டினார். அனுசியாவை மட்டும் தனியாகப் பார்க்கவில்லை, ஆபீஸ்காரர்கள் எல்லாரையும் பார்த்தார்.

"பிழைன்னா உங்கள்ல ஒருத்தர் இங்கேயே அடிச்சுத் திருத்தி, பக்கத்துல கையெழுத்துப் போடணும். யார் போடுறீங்க?"

கிங்ஸ்டன் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டார். கையை எடுத்துக்கொண்டார். அனுசியா பென்சிலை நோட்டுக்குள் வைத்து மூடினாள். கொண்டையிலிருந்து பேனாவை உருவிக்கொண்டு எழுந்தாள்.