இரண்டு கேனிலும் எழுதியிருந்தேன்

பெட்ரோல் வரிசைக் காலம். என் உயர்தரப் பரீட்சையன்று காலை சாய்ந்தமருது வீட்டில் உம்மாவும் நானும்தான் இருந்தோம். வாப்பா கடலுக்குப் போயிருந்தார். நான் உடுத்து வருவதற்குள் உம்மாவே கேனிலிருந்து பைக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டார்.

கல்முனைக்குப் பாதி வழியில் பைக் வெள்ளைப் புகை கக்கி நின்றது. எண்ணெய்த் தாங்கியைத் திறந்தால், வாப்பாவின் தோணி இன்ஜினுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய். ஒரு மீன் வியாபாரியின் வண்டியில் பின்னால் ஏறி, மணியடிக்கும்போது பரீட்சை மண்டபம் சேர்ந்தேன். முடிந்து வீடு திரும்பியதும் கேட்டேன்.

“ரெண்டு கேன்லயும் பெருசா எழுதி வெச்சேனே உம்மா?”

“நல்லாத்தான் எழுதியிரிக்காய் மகன். வாசிக்கிறது ஆரு?”

எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்தவன் நான் மட்டும்தான். அன்றே பெட்ரோல் கேனில் சிவப்புத் துணி கட்டினேன். இப்போது உம்மாவின் மருந்துப் போத்தல்களுக்கும் அவர் சொல்லும் நிறத்தில் துணிதான். படிக்கும் கம்பஸிலிருந்து வீடு வரும்போதெல்லாம், வெளிறிப்போன அந்தச் சிவப்பைத்தான் கண் முதலில் தேடுகிறது.

பைக்கைத் திருத்தச் செலவானது மூவாயிரம் ரூபாய்.