கேலி முறைக்காரி

துக்கத்தில் இருப்பவன் எதிரே வைத்தியராக உட்காருவதா, உறவாக உட்காருவதா? இந்தக் கேள்வி தியோனெஞ்சி ஜேரேயை ஓர் இடத்தில் இருக்க விடவில்லை. சுரங்க நகரமான கிட்வேயின் ஆஸ்பத்திரியில் அவள் மனநல வைத்தியர். எதிரே இருப்பவர் பேசாமலிருக்கும் போதெல்லாம் மேசைக்கு அடியில் அவள் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

அவள் கிழக்கே சிபாட்டாவில் பிறந்த ங்கோனி இனத்தவள், போலீஸ்காரர் மகள். லுசாகாவில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா இறந்தார். அவரோடு வேலை பார்த்த பெம்பாக்காரர்கள் இழவுக்கு வந்தார்கள். ஒரு காலத்தில் வெட்டிக்கொண்ட இரண்டு இனங்கள், இப்போது கேலி முறை. ங்கோனிகள் எலி தின்பவர்கள் என்று அவர்களும், பெம்பாக்கள் குரங்கு தின்பவர்கள் என்று இவர்களும் சீண்டிக்கொள்வார்கள். சாவு வீட்டில் சிரிக்க வைப்பது முறைக்காரர் கடமை. ஒருவன் அப்பாவின் தொப்பியை மாட்டிக்கொண்டு அவரைப் போலவே தொந்தியைத் தள்ளி நடந்தான். கல்லாகக் கிடந்த அம்மா சிரித்தாள், பிறகுதான் அழுதாள். எந்தப் பாடத்திலும் இது இல்லை.

அவளிடம் வந்த கட்டோங்கோ சம்பா ஒரு பெம்பா. சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் லிஃப்டை இயக்குபவன். காலராவில் மனைவி போனாள். உடலைப் பையில் மூடிச் சுகாதாரத் துறையினரே புதைத்தார்கள். அன்றிலிருந்து அவன் வாய் திறக்கவில்லை. மனைவியின் அண்ணன்மார் மாதக் கடைசியில் வருவார்கள். அவன் இப்படியே இருந்தால் பிள்ளைகள் இருவரையும் கிராமத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அவனைக் கூட்டிவந்த அக்கா இதைச் சொல்லிவிட்டு வெளி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

தியோனெஞ்சி படித்தபடியே செய்தாள். கேட்டாள், காத்திருந்தாள், மௌனத்தை மதித்தாள். மேற்பார்வையாளர் முன்சாகா, பொறுமை வேண்டும் என்றார். மரியாதையோடு கைவிடுவதற்கும் பொறுமை என்றுதான் பெயரோ என்று அவளுக்குச் சந்தேகம்.

மாதம் முடியும் வாரத்தில் அக்காவிடம், சாவுக்குக் கேலி முறைக்காரர் யார் வந்தார்கள் என்று கேட்டாள். கூட்டம் கூடத் தடை இருந்ததாம், ஒருத்தரையும் விடவில்லையாம். தியோனெஞ்சி உள்ளே போனாள். உட்காரவில்லை.

“யோவ் குரங்கு தின்னி, உன் மூஞ்சியப் பாத்துப் பாத்து அலுத்துத்தானே அந்த மகராசி மண்ணுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டா?”

தவறிப்போனால் இது வைத்தியமும் இல்லை, கேலியும் இல்லை, வெறும் கொடுமை. கட்டோங்கோ தலையை நிமிர்த்தினான்.

“எலி தின்னி,” என்றான். குரல் துருப்பிடித்திருந்தது. “உன்ன எவன் டாக்டராக்குனான்? ஆஸ்பத்திரியில எலி ஜாஸ்தின்னு வந்தியா?”

“ஆமா. நல்லாக் கொழுத்ததா இருக்கு. உனக்கு ஒண்ணும் கிடையாது.”

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்தது. மேசையில் தலை கவிழ்ந்து அழுதான்.

மச்சான்மார் வந்தபோது வாசலுக்குப் போய் அவனே பேசினான். பிள்ளைகள் அவனோடு தங்கினார்கள்.

முன்சாகா கோபிக்கவில்லை. “நீ ங்கோனி, அவன் பெம்பா, சரியாப் போச்சு. நாளைக்கு உங்களோட கேலி முறை இல்லாத லோசி இனத்துக்காரன் ஒருத்தன் இதே மாதிரி வந்து உக்காந்தா என்ன பண்ணுவ?” என்று மட்டும் கேட்டார். கட்டோங்கோவைத் தொடர்ந்து நீயே பார் என்றும் சொன்னார். குணமாக்கியது தானா, தன் பிறப்பா, இனி அவனுக்குத் தான் வைத்தியரா, முறைக்காரியா என்று யோசித்தபடி அன்று தன் நிறுத்தத்துக்கு முன்பே பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தாள்.

அடுத்த வாரம் கட்டோங்கோ முகச்சவரம் செய்துகொண்டு, கதவிலேயே ஒரு சீண்டலோடு வந்தான். அவளும் சிரித்து, பதிலுக்கு ஒன்று கொடுத்தாள். பிறகு அவனை நடைவழிக் கோடியில் இருந்த முன்சாகாவின் அறைக்கு அழைத்துப்போய், இனி இவர்தான் உன்னைப் பார்ப்பார் என்று சொல்லி, கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். ஏன் என்று இருவரும் பலமுறை கேட்டார்கள். அவள் காரணம் சொல்லாமல் கட்டோங்கோவை ஒரு சீண்டு சீண்டிவிட்டுப் போனாள்.