சரோஜா அக்காவின் முட்டி வலி

நம் தோட்டப் பள்ளிக் கேன்டீனில் சரோஜா அக்கா சமைத்ததைச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகளே, எல்லாரும் சுகமாக இருக்கிறீர்களா? அப்பா அம்மாவுக்கு உடம்பு தேவலையா? என்னை மறந்திருக்க மாட்டீர்கள். வேன் ஓட்டும் மணியம். பக்கக் கதவு சரியாக மூடாமல் கயிறு கட்டி வைத்திருப்பேனே, அதே வேன்தான் இன்றும் ஓடுகிறது. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. நான் சொல்கிறேன், என் மகள் எழுதுகிறாள்.

போன மாதம் ஒரு காலை வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது நம் வாத்தியார் குணா சார் போன் செய்தார். "அண்ணே, சரோஜாக்கா போயிட்டாங்க. காலையில எழுந்திருக்கவே இல்லையாம்."

"நேத்துதானே சார் என்னை ஏசினாங்க, மீன் வாங்கிட்டு வரச் சொன்னா நண்டு வாங்கிட்டு வந்தேன்னு" என்றேன். ஏதோ அந்த நண்டைக் காட்டி அவரைத் தடுத்து நிறுத்திவிடலாம் போல.

அன்று கோலா கெடா மீன் சந்தையில் நண்டு நன்றாகத்தான் இருந்தது. சரி, அதை விடுங்கள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் குணா சார் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கடல் தாண்டி, சபாவில் இருக்கும் கினபாலு மலைக்குக் கூட்டிப்போகிறேன் என்று கிளம்பினாரே, அந்தக் கதையின் பாதி உங்களுக்குத் தெரியும். ஒன்பது பையன்கள், ஒரே பெண் லோகேஸ்வரி. லோகாவின் அப்பா, "ஒரு பொம்பள கூட வந்தாத்தான் அனுப்புவேன்" என்றுவிட்டார். பெற்றோர் கூட்டத்தில் இன்னொருவர், "இந்தப் பொண்ணு ஏறட்டும், பாப்போம். முடியலன்னா இனிமே பொம்பளப் பிள்ளைங்கள இழுக்காதீங்க சார்" என்றார். அதை லோகாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர்கள் யாருக்கும் தோது இல்லை. பின்னால் தட்டு கழுவிக்கொண்டிருந்த சரோஜா அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நான் வரேன். சட்டி தூக்குற உடம்புதானே" என்றார்.

சனிக்கிழமைதோறும் ஜெராய் மலையில் பயிற்சி. அடிவாரத்தில், செமிலிங்கில், ஒரு முஸ்லிம் காக்கா கடையில் தே தாரிக், அதுதான் நுரை பொங்க ஆற்றிய டீ, குடித்துவிட்டுப் போவோம். அந்தக் கடை ரொட்டி சானாயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் மகள் பேனாவை வைத்துவிடுவாள். குணா சார் புத்தம்புதிதாக மலையேறும் சப்பாத்து போட்டு வந்தார். அக்கா போட்டிருந்ததோ ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகும்போது போடுகிற கறுப்பு ரப்பர் சப்பாத்து, அடியில் முள் முள்ளாக இருக்குமே, அது.

"அக்கா, மரம் வெட்டவா வந்தீங்க?" என்று பையன்கள் சிரித்தார்கள்.

"சிரிங்கடா. மலைக்கு யாரு சப்பாத்து புதுசுன்னு தெரியுமா?"

இரண்டாவது சனிக்கிழமை, பாதி வழியில் சாருடைய சப்பாத்து வாயைப் பிளந்துவிட்டது. அக்காவின் மணிக்கட்டில் எப்போதும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்துக்குப் போடும் ரப்பர் பேண்டுகள் கிடக்கும். அத்தனையையும் கழற்றிச் சார் காலில் மாட்டினார். சார் ஒரு பொட்டலம் போல இறங்கி வந்தார். மறு வாரம் அவர் காலிலும் கறுப்புச் சப்பாத்து.

அக்கா எப்போதும் கடைசியில்தான் நடப்பார், லோகாவோடு. இறங்கி வரும்போது நான் வேனிலிருந்து சத்தம் போடுவேன், "சீக்கிரம் வாங்கக்கா." அவர் சொல்வார், "ஓடுறவனுங்க ஓடட்டும்லா. மலை எழுந்து எங்கயும் போயிடாது."

கினபாலுவில் நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். முதல் நாள் மதியம், தங்கும் இடத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது அக்கா ஒரு பாறைமேல் உட்கார்ந்து, "ஐயோ, என் முட்டி!" என்று கத்தினார். சார் ஓடி வந்தார். "சார், இனி ஒரு அடி வைக்க முடியாது. லோகாவ என்கூட அனுப்புங்க. இவ தோளுதான் நான் பிடிக்கத் தோதா இருக்கு." வழிகாட்டி ஒருவர் துணைக்கு வர, இருவரும் இறங்கினார்கள். பையன்கள் உச்சிக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். "பாவம் லோகா, அக்காவால போச்சு" என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். லோகாவால் முடியவில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அடுத்த முறை நான்கு பெண்கள் போனார்கள்.

திரும்பி வந்த அன்று நான்தான் விமான நிலையத்தில் ஏற்றி வந்தேன். பள்ளியில் இறங்கியதும் அக்கா, வேனில் நான் வாங்கி வைத்திருந்த அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கேன்டீன் படியில் விறுவிறுவென்று ஏறினார்.

"அக்கா, முட்டி?"

"எந்த முட்டி?" என்றார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு சுற்றும் பார்த்தார். "மணியம், வாய மூடிட்டுக் கதவத் தொற."

மூடினேன். அதற்குப் பிறகு எத்தனை வருடம், "அக்கா, மலையில லிப்ட் போட்டுட்டாங்களாம், இப்ப வரீங்களா?" என்று நீங்கள் எல்லாரும் கேலி செய்தீர்கள். "வரேன்டா, நீ பட்டனை அமுக்கு" என்று அவரும் சிரித்துக்கொண்டே கறி ஊற்றினார். ஏன் பொய் சொன்னார் என்று அப்போது எனக்கும் தெரியாது. நான் கேட்கவில்லை.

இறப்பு வீட்டுக்கு லோகா சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் உடையோடே வந்தாள். அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு வெளியே கூடாரத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, அன்னைக்கு நான் ரெண்டு தடவ வாந்தி எடுத்தேன். தல சுத்துச்சு. பாறைக்குப் பின்னால போய் எடுத்தேன், அக்கா மட்டும்தான் பாத்தாங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கான்னு அழுதேன். அவங்க நேராப் போய் உக்காந்து கத்துனாங்க."

"அப்ப உனக்குத் தெரியுமா?"

"மொதல்ல நெசமாவே வலின்னுதான் நெனச்சேன். பாறையில உக்காந்து வலது முட்டியப் பிடிச்சுக்கிட்டுக் கத்துனாங்க. எறங்கும்போது இடது கால நொண்டுனாங்க அண்ணே."

நான் சிரித்துவிட்டேன். துக்க வீட்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் சிரித்தாள், கண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சிருச்சுன்னு அவங்ககிட்டச் சொல்லலையா?"

"எப்படிச் சொல்றது? தோளப் பிடிச்சிருந்தாங்க. கீழ வர்ற வரைக்கும், அக்கா மெதுவா, அக்கா மெதுவான்னு சொல்லிக்கிட்டே வந்தேன்."

லோகாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை உங்களுக்குச் சொல்கிறேன். கேலி செய்தவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று அவளே சொன்னாள்.

குணா சார் இந்த வருடமும் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறார். முன்பெல்லாம் ஜெராய் அடிவாரத்தில் வேனை நிறுத்திவிட்டுத் தூங்குவேன். இப்போது நானும் ஏறுகிறேன், கடைசியில். அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தக் கடைசி இடம்தான். யாராவது ஒரு பிள்ளை முகம் வெளுத்து நின்றுவிட்டால், "முட்டி பிடிச்சுக்கிச்சு, கொஞ்சம் நில்லு" என்று நானும் உட்கார்ந்துவிடுகிறேன். பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். ஆனால் அக்கா செய்த தப்பை நான் செய்வதில்லை. எந்தக் கால் என்று வேனை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்து—

"மணியம் அண்ணே! பிள்ளைங்க ஏறியாச்சு, கதவக் கட்டுங்க!"

இதோ வரேன் சார். மகளே, எழுதிக்கொள், இன்றைக்கு இடது கால்.