இரண்டாயிரத்து நூறின் வர்க்கம்

நான் ஒரு பெருக்கல் கணக்கைத் தப்பாக எழுதினேன். தெரிந்தே எழுதினேன். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, கரும்பலகையில், கை நடுங்காமல் எழுதினேன்.

நீங்கள் சிரிக்கலாம். இதையா இத்தனை வருடம் மூடி வைத்திருந்தாய் என்று கேட்கலாம். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்... அப்போதும் சிரிப்பு வந்தால் எனக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள்.

தண்டையார்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டி ஓர் இரும்பு வார்ப்படத் தொழிற்சாலை. சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கணிதத்தில் பட்டம் வாங்கிய நான் அங்கே டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் எப்போது உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள் என்று குறிப்பது என் வேலை. படித்த படிப்புக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அந்தக் குறை எனக்குள் புகைந்துகொண்டே இருந்தது. நீங்களாகக் கண்டுபிடிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

நிர்வாகம் தொழிலாளிகளுக்கென்று நான்கு வீடுகள் கட்டியது. ஓடு போட்ட ஒற்றை அறை, வாசலில் குழாய். அந்த நான்குக்கு ஏறக்குறைய நூறு பேர் எழுதிக்கொடுத்தார்கள். முன்பு வேறெதற்கோ சீட்டுக் குலுக்கியபோது ஒரு சீட்டில் மட்டும் மெழுகு தடவியிருந்தது, எடுத்தவன் விரலுக்கு அது தட்டுப்பட்டது என்று பெரிய ரகளை ஆகியிருந்தது. அதனால் இந்தத் தடவை சீட்டே வேண்டாம் என்று எல்லோரும் ஒரே பிடியாக நின்றார்கள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்... ஏன் திறந்தேன்!

வெளிநாடுகளில் கணக்குப் போடும் இயந்திரங்கள் செய்கிறார்கள், அவற்றுக்குச் சீட்டுக் குலுக்கத் தெரியாது, ஆகவே குலுக்கி எடுத்தது போன்ற எண்களைக் கணக்கிலிருந்தே வரவழைக்கிறார்கள் என்று நூலகத்தில் ஒரு சஞ்சிகையில் படித்திருந்தேன். வழி எளியது. நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்து அதை அதனாலேயே பெருக்க வேண்டும். வருகிற எட்டு இலக்கத்தில் நடுவில் உள்ள நான்குதான் அடுத்த எண். எட்டுக்குக் குறைந்தால் முன்னால் பூஜ்யம் சேர்த்துக்கொள்ளலாம். அந்த அடுத்த எண்ணையும் அதனாலேயே பெருக்க வேண்டும். இப்படியே போய்க்கொண்டிருக்கலாம். எழுதிக்கொடுத்தவர்களுக்கு வரிசையாக நம்பர் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு தடவையும் கடைசி இரண்டு இலக்கம் யாருடைய நம்பரோ, அவருக்கு வீடு.

"கணக்கு யார் பக்கமும் சாயாது" என்று மேனேஜர் முன்னால் மார்தட்டினேன். சில எண்களில் தொடங்கினால் இந்த முறை சிக்கிக்கொள்ளும் என்று அதே கட்டுரை எச்சரித்திருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் நாலைந்து எண்களைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே ஓடியது. போதும் என்று விட்டுவிட்டேன்.

இனி அஞ்சலை.

அச்சுக்கு மண் சலிக்கிற வேலை அவளுக்கு. கால்வாய்க் கரையில் குடிசை. புருஷன் அதே தொழிற்சாலையில் உலையடியில் நின்றவன், நெஞ்சு கெட்டுப் படுத்துவிட்டான். மழை பிடித்தால் கால்வாய் குடிசைக்குள் வந்துவிடும். அவளுடைய நம்பர் அறுபத்தொன்று. தினமும் என் ஜன்னலில் வந்து நிற்பாள்.

"சாரு, அறுவத்தொண்ணு. மறந்துடாத நைனா. மழ வந்தா அது படுக்க எடம் இல்ல."

"என் கையில் ஒன்றும் இல்லையம்மா. எல்லாம் கணக்கின் கையில்."

"அந்தக் கணக்காண்டயாச்சும் கொஞ்சம் சொல்லி வை."

எனக்கு அவள் மேல் இரக்கம் இருந்தது. எரிச்சலும் இருந்தது. எது அதிகம் என்று இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

குறித்த நாளில் முற்றத்தில் கரும்பலகை வைத்தார்கள். முதல் எண்ணை நான் சொல்லக் கூடாது அல்லவா? ஆகவே வெளியே தண்டவாளத்தில் நின்ற கூட்ஸ் வண்டியில் முதல் வேகனின் கடைசி நான்கு இலக்கத்தை ஒருவர் படித்துச் சொன்னார். 7583.

பெருக்கினேன். 57501889. நடுவில் 5018. பதினெட்டாம் நம்பர்க்காரர் துள்ளிக் குதித்தார். அடுத்து 1803, மூன்றாம் நம்பர். அடுத்து 2508, எட்டாம் நம்பர். ஸ்டோர் கீப்பர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெருக்கலையும் தாளில் போட்டுப் பார்த்துத் தலையசைத்தார். அத்தனை கண்களும் என் சுண்ணக்கட்டியின் மேல்! பட்டம் வாங்கிய நாளில்கூட நான் அப்படி நிமிர்ந்து நின்றதில்லை.

நான்காவது வீடு. 2900 வந்தது. கடைசியில் இரண்டு பூஜ்யம், அந்த நம்பருக்கு ஆள் கிடையாது. தாண்டினேன். 4100. தாண்டினேன். 8100. 6100. 2100.

"இன்னாபா, சைபராவே வந்துகினு கீது?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டோர் கீப்பர் பென்சிலை வைத்துவிட்டு பீடி பற்றவைத்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு பூஜ்யத்தில் முடிகிற எண்ணை அதனாலேயே பெருக்கினால் நான்கு பூஜ்யத்தில் முடியும். நடுவை எடுத்தால் மறுபடியும் இரண்டு பூஜ்யம். அதற்கு மீட்சி இல்லை. 2100-இன் வர்க்கம் 04410000, நடுவில் 4100. அந்த 4100 பலகையில் ஏற்கெனவே இருக்கிறதே! சுற்றிச் சுற்றி அதே நான்கு எண்கள்தான் இனி வரும். பொழுது விடியும்வரை பெருக்கினாலும் நான்காவது வீட்டுக்கு ஆள் வராது.

ஒரு வாக்கியம் போதும். 'கணக்கு சிக்கிக்கொண்டது, அடுத்த வேகன் எண்ணைப் படியுங்கள்.' அவ்வளவுதான். வண்டி அங்கேயேதான் நின்றது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் மார்தட்டியது எனக்கு நினைவுக்கு வந்தது... வாய் வரவில்லை.

0441 என்று எழுதினேன். அதுவரை உண்மை. அதற்குப் பிறகு இரண்டு இலக்கம் நானாக இட வேண்டும்.

முதலில் தோன்றியது அறுபத்தொன்று. சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் தோன்றியது அதுதான். அஞ்சலை முன்வரிசையில் குந்தியிருந்தாள். அவள் தினமும் என் ஜன்னலில் நின்றதை ஊரே பார்த்திருக்கிறது. 61 என்று எழுதினால் என்ன நினைப்பார்கள்? ஸ்டோர் கீப்பர் பென்சிலை மறுபடி எடுப்பாரே?

27 என்று எழுதினேன். 04412700. நடுவில் 4127.

இருபத்தேழாம் நம்பர் லூர்துசாமி. ஆறு குழந்தைகள், அவனுக்கும் ஒழுகுகிற கூரைதான். என்னிடம் ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். எல்லோரும் கை தட்டினார்கள். அஞ்சலையும் தட்டினாள்.

ஏன் இருபத்தேழு? எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். கேட்காதவனுக்குக் கொடுத்தால் நேர்மை என்று நினைத்தேனா? அல்லது தினமும் கேட்டவளைத் தண்டித்தேனா?

சில நாட்களில் இப்படியும் தோன்றும். 7583 என்று படித்த கணத்திலேயே பதினெட்டும் மூன்றும் எட்டும் முடிவாகிவிட்டன. அதில் அதிர்ஷ்டம் எங்கே இருந்தது? யாருக்கும் முன்கூட்டித் தெரியாமல் வந்தது என் 27 மட்டும்தானே? அப்படியானால் அன்று நடந்த ஒரே குலுக்கல் என்னுடையதுதானோ... இப்படிச் சொல்லிச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்வேன். பிறகு அந்த 61 நினைவுக்கு வரும். குலுக்கலுக்கு ஒருவரை வேண்டாம் என்று ஒதுக்கத் தெரியாது. நான் ஒதுக்கினேன்.

ஐப்பசியில் மழை கொட்டியது. கால்வாய் குடிசைக்குள் வந்தது. ஈரத்தில் கிடந்தே அவள் புருஷன் செத்தான். வீடு கிடைத்திருந்தால் பிழைத்திருப்பானா? நெஞ்சு முன்பே போய்விட்டது, எப்படியும் தாங்கியிருக்காது என்றார் டாக்டர். நானும் அதையே நம்பப் பார்க்கிறேன்.

காரியம் முடிந்து வேலைக்கு வந்தவள் ஜன்னலில் நின்றாள். என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. "என் மேல் வருத்தமா அஞ்சலை?" என்று கேட்டுவிட்டேன்.

"உன் மேல இன்னா வருத்தம் சாரு? எவனாச்சும் ஆளப் பாத்து குட்த்திருந்தான்னு வையி, மேனேஜரு வாசல்லயே பொணத்தப் போட்டு குந்திகினு இருப்பேன். வுட்டிருப்பேனா? கணக்குல வர்ல. கணக்காண்ட போயி இன்னா சண்ட போடறது?"

அப்போது சொல்லியிருக்கலாம். இப்போது உங்களிடம் சொல்வதை அவளிடம் சொல்லியிருக்கலாம். "போய் வேலையைப் பார்" என்றேன்.

மறு வருடம் இன்னும் இரண்டு வீடுகள் கட்டினார்கள். பழையபடி சீட்டே போடலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் அப்பாடா என்று மூச்சு விட்டேன். கூட்டத்திலிருந்து அஞ்சலைதான் எழுந்தாள்.

"சீட்டு வாணாம். சாரே போடட்டும். அவுரு கணக்கு சுத்தம்."

சுண்ணக்கட்டியைத் தேடி எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்ததும் அவள்தான். மண் சலித்துச் சலித்துத் தேய்ந்த விரல்கள்.

வாங்கிக்கொண்டேன். யாரோ வேகன் எண்ணைப் படித்தார்கள். அன்று கணக்கு எங்கும் சிக்கவில்லை, நானும் ஓர் இலக்கம்கூடத் தப்பாக எழுதவில்லை. அவளுக்கு வரவில்லை. அன்றைக்காவது பொய் எழுதியிருக்க வேண்டுமோ?

"பரவால்ல சாரு" என்று சொல்லிவிட்டு, அவள் மண் சலிக்கப் போனாள்.