காரணம்: சும்மா

இன்று நானும் சிநேகிதி சுபாவும் என் ஸ்கூட்டரில் வெள்ளவத்தையிலிருந்து அவிசாவளைக்குப் போனோம். பழைய கண்டி இராச்சியத்தின் மேற்கு எல்லை அந்தப் பக்கம்தான். ரப்பர்த் தோட்டம், ஆறு, முகில் இறங்கிய மலை. கண் நிறையப் பார்த்தோம்.

திரும்பும்போது நுகேகொடைக்குக் கிட்ட செக்பொயின்டில் மறித்தார்கள். அடையாள அட்டையில் என் தமிழ்ப் பெயரைப் பார்த்த பொலிஸ்காரர், எங்கே போய் வருகிறாய் என்று சிங்களத்தில் கேட்டார். அவிசாவளை என்றதும், எதற்குப் போனாய் என்றார்.

"நிகங்" என்றேன். சும்மா.

சும்மா யாராவது இவ்வளவு தூரம் போவார்களா, அங்கே யார் இருக்கிறார்கள் என்றார்.

மலை இருக்கிறது, ஆறு இருக்கிறது என்றேன்.

சுபா என் முதுகில் கிள்ளினாள். "கோயிலுக்குப் போனனாங்கள் எண்டு சொல்லனடி, விட்டிடுவாங்கள்."

விட்டிருப்பார்கள்தான். கோயில், ஆஸ்பத்திரி, விசா எல்லாம் அவர்களுக்கு விளங்கும். தமிழர் சும்மா ஊர் பார்க்கப் போவதுதான் விளங்காது.

மேலதிகாரி வந்தார். உள்ளே போட்டால் காரணம் வரும் என்றார். ஆனாலும் என் வாயில் "நிகங்" என்றுதான் வந்தது.

வெயிலில் நெடுநேரம் நிற்கவைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிறும் போகிறேன். ஆர் ஆர் வாறியள்? காரணம் ஒன்றும் கொண்டுவர வேண்டாம். அடையாள அட்டையை மட்டும் மறந்திடாதேங்கோ.